பதினெட்டு இன்ச்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. இரண்டரை வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டின விமானம் முதன்முதலாக ஓடுகிற அன்றைக்கு, என்னைக் கீழே நிற்க வைத்துவிட்டு, அதற்கு எது தலை எது வால் என்றுகூடத் தெரியாத ஒருத்தனை ஏற்றி உட்கார வைத்தார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் இந்த பஸ்ஸில் யாருக்காவது நடந்திருந்தால் சொல்லட்டும். நான் எழுந்து என் சீட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

இல்லை, இது முகம் பார்க்கிற கண்ணாடியின் சட்டம் இல்லை. தொட்டில் வளையமும் இல்லை. கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து இப்படிக் கேட்கிற ஆறாவது ஆள் நீங்கள். கண்டக்டர் இதற்குள் தலையை விட்டு, "கல்யாணத்துல போட்டோ எடுக்கதுக்காம்மா?" என்கிறார். விமானத்துக்கு இது விலா எலும்பு மாதிரி. உட்காருகிற ஆளைச் சுற்றி வருகிற மரச்சட்டம். புதுசு, போன வாரம் செய்தது. உள் அகலம் இருபத்திரண்டு இன்ச். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இருங்க, சாய்த்துக்கொள்கிறேன்.

மர விமானமா என்று சிரிக்காதீங்க. ஆரம்பத்தில் பறந்ததெல்லாம் பெரும்பாலும் மரமும் துணியும்தான். எங்கள் காலேஜ் நூலகத்தில் ஒரு தகரக் குழாய் கிடந்தது. உள்ளே சுருட்டி வைத்த வரைபடம், கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு. வரைந்தவர் பெயர் இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. ஒரே ஒரு ஆள் உட்காருகிற குட்டி விமானம். மோட்டார் சைக்கிளில் இருக்கிற அளவுக்குத்தான் எஞ்சின். அவ்வளவு சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு எப்படிப் பறக்கிறது? காற்றோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, அதற்குள் நழுவிப் போக வேண்டும். அந்த மனுஷனுக்கு அது ஒன்றுதான் வெறி. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுங்க. உள்ளங்கையை முன்னால் காட்டுங்க. தள்ளுகிறதா? இப்போது கத்தி மாதிரிப் படுக்க வையுங்க. பார்த்தீங்களா, தள்ளவே இல்லை. அவ்வளவுதான் அக்கா, நான்கு வருடப் படிப்பு. கையை உள்ளே எடுங்க, லாரி வருது.

கட்டினது நானும் சலோமியும். சலோமி என் ரூம்மேட், சாயர்புரம்காரி. இப்போது அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில் இறங்கி இன்னொரு பஸ். சண்டை போடத்தான் போகிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. யோசிப்பது நான். மற்றதெல்லாம் அவள். மற்றதெல்லாம் என்றால், அறுப்பது, இழைப்பது, பசை போடுவது, இறக்கைக்குள் வைக்கிற முப்பத்திரண்டு விலாவையும் ஒவ்வொன்றாகச் செய்து எடை போட்டுப் பார்ப்பது. எல்லாம் அப்பளம் மாதிரி மெல்லிசு மரம். எங்கள் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? "தீப்பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்னட்டி, தீப்பெட்டிக்கு மருந்து தடவியாச்சா?" என்று தினமும் ஒருத்தன் வந்து கேட்பான். நான் நின்று பதில் சொல்வேன், அரைமணி நேரம். சலோமி தலை நிமிர மாட்டாள். அவளுக்கு வாதம் செய்யவே வராது அக்கா. அது அவளிடம் பெரிய குறை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. சலோமி என்.சி.சி.யில் வான்படைப் பிரிவு. சின்ன விமானத்தில் பயிற்சியாளரோடு பதினோரு மணி நேரம் பறந்தவள். நான் எத்தனை மணி நேரம் என்கிறீர்களா? நான் கோட்பாடு. நன்றாக நீச்சல் தெரிந்தவன்தான் குளம் வெட்ட வேண்டும் என்று சட்டமா?

மூல வரைபடத்தில் உட்காருகிற இடத்தின் அகலம் இருபத்திரண்டு இன்ச். அதைப் பதினெட்டு ஆக்கினது நான். ஏன்? காற்றுத்தடை. முன்பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று இடிக்கும். நான்கு இன்ச் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு முழு நோட்டில் கணக்குப் போட்டேன். வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் கூடுகிறது! சலோமியிடம் காட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பதினெட்டுல யாரு உக்காருவாட்டி?" என்றாள்.

"உக்காருத ஆளப் பாத்து டிசைன் பண்ணக் கூடாதுட்டி. காத்தப் பாத்துப் பண்ணணும்."

எப்படி இருக்கிறது பதில்? அந்த இடத்திலேயே தோன்றியது. சலோமி வாட்டசாட்டமான ஆள், பாஸ்கெட்பால் டீமில் நடு ஆட்டக்காரி, எழுபத்தொரு கிலோ. நான் நாற்பத்தாறு. என் இடுப்பு அகலம் பதினாறரை இன்ச். இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் இன்ச் விட்டால் கணக்காகப் பதினெட்டு வரும். அது தற்செயல். இயற்கையில் இப்படித் தற்செயல்கள் நடக்கும்.

பக்கச்சட்டங்களை ஒட்டி முடித்த அன்று சலோமி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். மெதுவாக உட்காரப் பார்த்தாள். இடுப்பில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே, பாதி உள்ளே பாதி வெளியே, இரண்டு கையையும் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, உப்புத்தாளை எடுத்து, தான் கை வைத்த இடத்தை வழவழவென்று தேய்த்து வைத்தாள். வருத்தம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? ஒரே ரூமில் இருக்கிறோம், தலைக்குத் தலை கட்டில். ஆக, வருத்தமில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அநியாயத்துக்கு வருகிறேன்.

காலேஜுக்குப் பின்னால் யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் இருக்கிறது. இப்போது அதில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மக்காச்சோளம் காயப்போடுவார்கள். எங்கள் தீப்பெட்டிக்குப் பறக்க அனுமதி கிடையாது. ஆனால் தரையில் ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சினைப் போட்டு, ஓடி, வால் தூக்குகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். வால் தூக்கினால் பறக்கத் தயார் என்று அர்த்தம். அந்த ஓட்டத்துக்குத்தான் நான் இரண்டரை வருடம் காத்திருந்தேன். என் இடுப்புக்கு ஏற்ற சீட். சரி, சீட்டுக்கு ஏற்ற என் இடுப்பு. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்க.

இரண்டு நாளைக்கு முன்னால் எங்கள் துறைத்தலைவர் வேலாயுதம் சார் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பைப் வைத்திருக்கிறார். "கோமதி, தாளாளரோட பையன் தர்ஷன் ஊர்லேர்ந்து வந்திருக்காப்ல. முதல் ஓட்டத்துக்கு தம்பி உக்காரட்டும். நீ பக்கத்துல நின்னு சீஃப் கெஸ்டுக்கு விளக்கிச் சொல்லு. நல்லாப் பேசுவேல்ல?"

"சார், அவரு எம்.பி.ஏ. படிக்காரு."

"அதனால என்னம்மா? ஓட்டப் போறது பத்தடி."

"சார், அவரு எம்பத்தாறு கிலோ. சீட்டு பதினெட்டு இன்ச்."

"எதுக்கெடுத்தாலும் ஆர்க்யூ பண்ணாதம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாப்ல."

காற்றோடு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள முடியுமா சார், மரத்தோடு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள முடியுமா சார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் போன் வந்த மாதிரி எழுந்து போய்விட்டார். போன் வரவில்லை, எனக்குத் தெரியும். ரூமுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். "உழைச்சவ ஒருத்தி, உக்காருதவன் ஒருத்தனா? அளவு பாத்து ஆள வெளிய நிறுத்துதானுவ! இது எந்த ஊரு நியாயம்?" என்றேன். சலோமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குக் காலை. பந்தல், மைக், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் சீஃப் கெஸ்ட். பூஜைக்கு ஐயர் வரவில்லை. காலேஜ் பஸ்ஸுக்கெல்லாம் பூஜை போடுகிற டிரைவர் சண்முகையா அண்ணாச்சிதான் வந்தார். அவருக்கு இதுவும் ஒரு வண்டி. இறக்கையின் முன்விளிம்பு முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். இரண்டரை வருடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கின விளிம்பு அக்கா அது! "அண்ணாச்சி, அந்த இடத்துல ஒரு கொசு ஒட்டினாகூடக் காத்து தடுமாறும்" என்றேன். "சாமிக்கு என்ன தடுமாத்தம்மா?" என்றுவிட்டு, தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு இறக்கைப் பக்கம் போனார். வார்னிஷ் வாடைகூடப் போகாத மரம். சலோமி ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது நெசமாவே தீப்பெட்டிதான்!" அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். வால் பக்கம் போய்த் தேடினார். "இங்க சக்கரத்தக் காணுமேம்மா?" "அங்க கட்டதான் அண்ணாச்சி." "அப்பக் கட்டைக்கும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

தர்ஷன் வந்தான். கூலிங் கிளாஸ், கழுத்தில் வெள்ளைத் துண்டு. பழைய விமானி மாதிரியாம். "இதுல பிரேக் எங்க?" என்றான். பிரேக் கிடையாது. எஞ்சினை அணைத்தால் தானாக நிற்கும். அதைச் சொல்லுவதற்குள் போட்டோகிராபர் "சார், ஏறுங்க" என்றுவிட்டார். அவன் ஏறினான். நின்றான். உட்கார்ந்தான். அதாவது, பாதி வரைக்கும் உட்கார்ந்தான். வேலாயுதம் சார் தோளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். மரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்க, க்ரீச் என்று. எனக்கு என் எலும்பில் கேட்டது. உள்ளே போய்விட்டான்.

சலோமிதான் முன்னால் நின்று விசிறியைச் சுற்றிவிட்டாள். எஞ்சின் பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தீப்பெட்டி நகரவில்லை. ஏன் தெரியுமா? எலுமிச்சம்பழம்! அண்ணாச்சி ஐந்து டன் பஸ்ஸுக்கு வைக்கிற பழத்தை நூற்றுப்பத்துக் கிலோ விமானத்துக்கு வைத்திருக்கிறார். எங்கள் சக்கரம் அதை நசுக்குவதாக இல்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது. "பழம் நசுங்கலியே, சகுனம் சரியில்லையே" என்று யாரோ சொல்ல, தாளாளர் முகம் கறுத்துப்போச்சு. தர்ஷனுக்கு மானப் பிரச்சினை. எஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற நெம்புகோலை முழுக்கத் தள்ளிவிட்டான். ஒரு பக்கத்துப் பழம் நசுங்கியது, இன்னொன்று நசுங்கவில்லை. தீப்பெட்டி ஒரு காலை ஊன்றித் திரும்பின மாதிரி வளைந்து, பந்தலைவிட்டு ஓடி, நேராக மக்காச்சோளக் குவியலுக்குள் மூக்கை நுழைத்தது. ஊர் பூராவும் சோளம் பறந்தது. சீஃப் கெஸ்ட் தொப்பிக்குள் சோளம்.

ஆனால் அக்கா, அதற்கு முன்னால் ஒரு நாலு நொடி, வால் தூக்கியது. நான் பார்த்தேன். எண்பத்தாறு கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சந்தனத்தைப் பூசிக்கொண்டு, கோணலாக ஓடும்போதுகூட வாலைத் தூக்கியது. சலோமியும் பார்த்தாள். அந்த நாலு நொடி இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யார் கையை யார் பிடித்தது என்று தெரியவில்லை.

சோளத்துக்காரம்மா வந்துவிட்டாள். "எவம்ல அவன்? ஆகாசத்துல போறதுன்னா ஆகாசத்துல போங்கல! ஏஞ் சோளத்துல என்னல சோலி?" தர்ஷன் இறங்கி ஓடப் பார்த்தான். இறங்க முடியவில்லை. மாட்டிக்கொண்டான். இடுப்பை இரண்டு பக்கத்துச் சட்டமும் கவ்விப் பிடித்துவிட்டது. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பூஜைக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றினார்கள். அண்ணாச்சி, "மூச்சக் கட்டி வயித்த உள்ள இழுங்க தம்பி" என்றார். சோளத்துக்காரம்மா, கோபம் எல்லாம் போய், "ஏ ராசா, காலைல என்ன சாப்ட்ட?" என்று விசாரித்தாள். நாற்பது நிமிஷம். கடைசியில் வேலாயுதம் சார் என் பக்கம் திரும்பி, "அறுத்துரலாமாம்மா?" என்றார்.

என்னிடம் கேட்கிறார்! இரண்டு நாளாக எந்தப் பேச்சையும் கேட்காத மனுஷன், அறுக்கும்போது மட்டும் கேட்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணில் சோளத்தூசி வேறு. சலோமி ரம்பத்தை எடுத்து வந்தாள். தான் ஒட்டின சட்டம், தானே தேய்த்த ஓரம். குறி போட்டு, கோணாமல், இரண்டு பக்கமும் அறுத்தாள்.

அடுத்த வாரம் எனக்கு நோட்டீஸ். "தாளாளர் குடும்பத்தாரை அவமானப்படுத்தும் உள்நோக்கத்துடன் இருக்கையின் அகலத்தைத் திட்டமிட்டுக் குறைத்தது ஏன்?" நிரூபணமானால் கடைசிப் பருவத் தேர்வு எழுத விடமாட்டார்கள். நாலு வருடம் தண்ணீரில் போகும். நான் பதினோரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன், மூன்று வரைபடத்தோடு. காலேஜ் முதல்வர் முதல் பக்கத்தையே திருப்பவில்லை. "உன் கூட வேலை செஞ்ச பொண்ணக் கேட்போம்" என்றார்.

முந்தின நாள் ராத்திரி சலோமிக்கு நான் பாடம் நடத்தியிருந்தேன். "ஒரே வார்த்தைட்டி. காத்துத்தடைன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்." தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் எனக்கு எப்போதும் சம்மதம் மாதிரிதான் தெரியும்.

தீர்ப்பு எனக்குச் சாதகம்தான் அக்கா, பயப்படாதீங்க. சலோமி சொன்னதைக் கேட்டதும் முதல்வர் பேனாவை மூடிவிட்டார். "இது பிள்ளைகளுக்குள்ள உள்ள விஷயம், கல்லூரிக்குச் சம்பந்தமில்ல" என்று ஃபைலைக் கட்டிவிட்டார். வேலாயுதம் சார் மூச்சுவிட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். நான் தேர்வு எழுதலாம். ஆனால் சலோமி அன்றைக்கே படிப்பு விடுமுறை என்று ஊருக்குப் போய்விட்டாள். பதினோரு நாள். போனை எடுப்பதில்லை. என் பக்கத்து நியாயத்தை யாரிடம் சொல்வது? அதற்குத்தான் நேரில் போகிறேன்.

இந்தச் சட்டமா? ரம்பத்தில் போனதுக்குப் பதில் இது. இந்தப் பதினோரு நாளும் வேலை இல்லாமல் பழைய நோட்டை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஆளுக்குப் பின்னால் இருக்கிற இறக்கை எப்படியும் காற்றை மறிக்கும், அதை நான் சரியாகச் சேர்க்கவில்லை. இரண்டாம் வருடத்தில் நடந்த சின்னத் தப்பு. பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் வித்தியாசம் ஒன்பது கிலோமீட்டர் இல்லை, ஒன்றுகூட இல்லை. அதனால் இருபத்திரண்டு. கணக்கு சொன்னதால் மாற்றினேன், வேறு எதற்காகவும் இல்லை. சட்டத்தை நானே அறுத்து, நானே ஒட்டினேன். இந்த ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது, தெரிகிறது. தேய்க்க எனக்கு அவ்வளவாக வராது. சலோமி இடுப்பில் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

டோல்கேட் தாண்டியாச்சா? அடுத்தது தூத்துக்குடி. சரி, நீங்களே சொல்லுங்க அக்கா, நீங்கள் மூன்றாவது மனுஷி. அறைக்குள் முதல்வர், வேலாயுதம் சார், நான். சலோமி கதவுப் பக்கத்தில் நின்றாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முதல்வர் கேட்டார்: "தர்ஷன் உக்காரக் கூடாதுன்னு வேணும்னே சீட்டக் குறைச்சாளா இவ?" நான் அவளைப் பார்த்து வாயசைத்தேன், காத்துத்தடை, காத்துத்தடை என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக, தீப்பெட்டி நிற்கிற ஷெட்டையே பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள்:

"இல்ல சார். அவரு உக்காரக் கூடாதுன்னு அவ குறைக்கல. நான் உக்காரக் கூடாதுன்னுதான் குறைச்சா."